மங்கள காரியத்தில் சருகு

“உதென்ன அண்ணை, வீடு முழுக்கச் சருகாக் கிடக்கு?”

வீடியோவில் பத்மநாதன் இப்படிக் கேட்டதும், ஹோலைப் பெருமையாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த இராஜரட்ணம் ஃபோனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

“சருகில்லை, கடதாசி. மயூரி காலமை எழும்பி ஒட்டினவள். ஃபோல் தீமாம், இலை உதிர்ற காலமாம்.”

“கடதாசியெண்டாலும் சருகு சருகுதானே. வாசலையும் ஒருக்காக் காட்டுங்கோ பாப்பம்.”

இராஜரட்ணம் வாசலுக்குப் போய்க் காட்டினார். கதவில் ஒரு வளையம் தொங்கியது. சிவப்பு, செம்மஞ்சள், மண்ணிறம் என்று கடதாசி இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட வீட்டில ஆரும் மோசம் போட்டினமோ?”

இராஜரட்ணம் அப்போதுதான் வளையத்தை ஒழுங்காகப் பார்த்தார். காலையில் மகள் அதைக் கொளுவியபோது நன்றாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் சவப்பெட்டியின் கால்மாட்டில் சாத்திவைக்கும் மலர்வளையமேதான். அன்னாரின் ஆத்மா சாந்தியடைய என்று ஒரு ரிப்பன் கட்டாததுதான் குறை.

அதுவும் என்ன நாளில் பாருங்கள். பிறம்ரனிலிருந்து நிதுசனின் தாயும் தகப்பனும் முதன்முறையாக இந்த மல்வேர்ன் வீட்டுக்கு வந்து, நிதுசனுக்கும் மயூரிக்கும் கலியாண நாள் வைக்கப்போகிற சனிக்கிழமை. பெடியனும் பெட்டையும் தாங்களே விரும்பிக்கொண்டதுதான். என்றாலும் நடுவில் நின்று கதைக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் எங்கள் சனத்துக்கு அது கலியாணம் மாதிரியே இருக்காது. அந்த ஆள்தான் டோர்செட் பார்க்கில் இருக்கிற பத்மநாதன். இந்தப் பக்கத்துக் கதையை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துக் கதையை இந்தப் பக்கமும் காவுவார். போகிற வழியில் கொஞ்சம் உப்புப்புளி சேர்ப்பார்.

“ஏன், அவை உதெல்லாம் பாக்கிற ஆக்களோ?” என்று இராஜரட்ணம் கேட்டார்.

“பெடியன்ர தகப்பன் பாவம், வாயே திறக்கார். தாய் யோகராணி அக்காதான் சகுனமெண்டா கடுமை. ஒரு கலியாணவீட்டில மணவறையில ஒரு பூ வாடிக் கிடந்ததெண்டு சாப்பிடாமலே எழும்பிப் போனவ. நான் கண்ணால கண்டனான்.”

“சாப்பிடாமலோ?”

“ஒரு சோடா குடிக்கேல்லை. நான் சொல்லிப்போட்டன். இனி உங்கட விருப்பம்.”

பத்மநாதன் ஃபோனை வைத்துவிட்டார். கொளுத்திப் போடுகிற ஆட்களுக்கு எப்போதும் அடுத்த வேலை ஒன்று இருக்கும்.

சாப்பிடாமல் என்ற சொல்தான் இராஜரட்ணத்தைப் பிடித்து ஆட்டியது. அதற்குக் காரணம் இருந்தது. அவர் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். பெல்ற்றில் ஓடிவரும் பிஸ்கற்றில் உடைந்தது, கருகியது, வளைந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிவதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. முன்பொருமுறை மயூரிக்கு மார்க்கம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வந்த மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பிக்கு இப்பவே முன்மண்டை வெளிக்குதே, தைரொயிட் செக் பண்ணினதோ?” என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அவர்கள் வடையைத் தொடாமல் எழும்பிப் போனார்கள். மயூரி அழவுமில்லை, ஏசவுமில்லை. கனநாளாகத் தகப்பனோடு கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த நிதுசனை அவள் உயிராக விரும்புகிறாள். இதுவும் தன்னால் குழம்பினால் மகள் தன்னை மன்னிக்கவே மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்கென்று பெரிய ஆசையும் இல்லை. ஒரு மனிதர் தன்னைப் பார்த்துச் ‘சம்பந்தி’ என்று கூப்பிடவேண்டும். இதுவரை யோகராணி ஃபோனில் ‘அண்ணை’ என்றுதான் கதைத்திருந்தார். அண்ணை என்று பஸ்ஸில் இடம் கேட்கிறவர்கள்கூடக் கூப்பிடுவார்கள்.

மயூரி தலை கட்டுவிக்க வெளிக்கிட்டபோது ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

“அப்பா, லீவ்ஸைத் தொடாதேங்கோ. பிளீஸ். எல்லாம் ஒவ்வொண்டா மெசினில வெட்டினது.”

“எந்த மெசின்?”

“கையால சுத்துற சின்ன மெசின். பேப்பருக்கு மேல அச்சை வைச்சுச் சுத்தினா மற்றப் பக்கத்தால இலையா வரும். நரம்பெல்லாம் பிறகு கையால கீறினது. எவ்வளவு வேலை எண்டு பாருங்கோ.”

“ஆர் வெட்டினது?”

“தெரிஞ்ச ஒரு ஆள். சேர்ப்ரைஸ். பிறகு சொல்லுறன்.”

பலகாரம் எடுக்க அவளோடு கூடப் போன மனைவி சறோஜினி, செருப்பை மாட்டிக்கொண்டு தன் பங்குக்கும் ஒன்று சொன்னாள். “இஞ்சருங்கோ, நாங்கள் வரும்வரைக்கும் நீங்கள் ஒண்டும் செய்யாமல் இருந்தாலே பெரிய உதவி.”

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இராஜரட்ணம் முதலில் வளையத்தைக் கழற்றிக் கராஜுக்குள் வைத்தார். பிறகு ஹோலுக்கு வந்து நின்று யோசித்தார். சுவர் முழுக்க நூலில் கோத்த இலைத் தோரணம். மூலையில் கடதாசியில் ஒரு மரம், அதன் கொப்புகளில் அரைவாசி இலை, மிச்சம் உதிர்ந்து விழுவதுபோல் கீழே சுவரில் ஒட்டியிருந்தது. உதிர்ந்து விழுகிற மரம். கலியாணம் பேசுகிற வீட்டில். இதை ஒட்டுவதற்கு அந்தப் பிள்ளைக்கு எப்படி மனம் வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை, மஞ்சள் இலையை விடலாம், மஞ்சள் மங்களம்தானே என்று தீர்மானித்தார். மண்ணிறத்தையும் சிவப்பையும் மட்டும் பொறுக்குவதென்று, பெல்ற்றில் பிஸ்கற் பொறுக்குகிற கையால் முதலாவது மண்ணிற இலையைப் பிடித்து இழுத்தார்.

இலை வந்தது. அதன் பின்னால் இருந்த இரட்டைப்பக்க ரேப்பும் வந்தது. ரேப்போடு, இந்த வருகைக்கென்றே சறோஜினி ஆள் பிடித்து அடிப்பித்த பால்நிறப் பெயின்ற்றும் உரிந்து வந்தது. உள்ளே பழைய நீலம் பல்லைக் காட்டியது.

ஒருவேளை அந்த இடத்தில் மட்டும்தான் இப்படியாக்கும் என்று இன்னொன்றை இழுத்தார். அங்கேயும் நீலம். பழைய பழக்கம், கை நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது சுவர் முழுக்க நீலப் பொட்டுகள், நடுவில் நூல் அறுந்த தோரணம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது.

மகளுக்கு ஃபோன் எடுத்தார். பின்னால் முடி காயவைக்கிற இரைச்சல் கேட்டது.

“என்னப்பா?”

“பிள்ளை, உந்த இலையள் கட்டாயம் வேணுமோ?”

“அப்பா. ஒண்டையும் தொடேல்லைத்தானே?”

இடது கை நிறைய இலைகளை வைத்துக்கொண்டு, “இல்லை” என்றார்.

“அப்ப ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ. ஒரு ஆளுக்குக் காட்டவேணும்.”

“ஓம், ஓம்” என்று சொல்லி வைத்தார். இந்தச் சுவரைப் படமெடுத்து அனுப்பினால் அவள் தலையில் பாதிச் சுருளோடு ஓடிவருவாள்.

நீலப் பொட்டுகளை மூடவேண்டும். மூடுவதற்கு இலை வேண்டும். ஆனால் சருகாக இருக்கக்கூடாது. சருகாக இல்லாத இலை என்ன நிறம்? இந்த இடத்தில் இராஜரட்ணத்துக்கு ஒரு யோசனை உதித்தது. அவருக்கு யோசனை உதிக்கிற நேரம் பார்த்து வீட்டில் யாரும் இருப்பதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் தலைவிதி.

பின்வளவுக் கதிரைகளுக்கு அடித்த பச்சை ஸ்பிறே கராஜில் மிச்சம் கிடந்தது. மாவிலைத் தோரணம் பச்சைதானே. அவர் மிச்ச இலைகளையும் கழற்றிக்கொண்டு போய், கராஜில் பத்திரிகையை விரித்துப் பரப்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடித்தார். முதலில் நன்றாகத்தான் வந்தது. இரண்டாம் பூச்சில் கடதாசி ஊறியது. பிறகு இலைகள் ஒவ்வொன்றாக ஓரம் சுருண்டு, கடையில் கடைசி நாள் கருவேப்பிலை மாதிரிக் கிடந்தன. கையால் நிமிர்த்திப் பார்த்தார். நுனி கையோடு வந்தது. அவசரத்தில் வியர்வை துடைத்த வேட்டியில் பச்சை. உள்ளே ஓடிவந்து ஊன்றிய இடத்தில், பால்நிறச் சுவரில், ஐந்து விரலும் தெளிவாக ஒரு பச்சைக் கை.

அதைவிட மோசம் மணம். கராஜ் கதவைத் திறந்து விட்டிருந்ததில் பெயின்ற் மணம் ஹோலுக்குள் வந்து குடியிருந்தது. சறோஜினி விடியற்காலையில் எழும்பி அவித்த கடலையின் மணம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மணத்துக்கு மணம்தான் மருந்து. சாமியறைக்குப் போய்த் தூபக்காலை எடுத்துச் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். மங்களத்துக்கு மங்களமும் ஆச்சு. புகை குபுகுபுவென்று எழும்பி, தரைவிரிப்பில் தவழ்ந்து, மாடிப்படி ஏறி, நேரே போய்ப் புகை எச்சரிக்கைக் கருவியின் மூக்குக்குள் நுழைந்தது.

அது கத்தத் தொடங்கியது. அதைக் கேட்டு மேல்மாடியில் இருந்ததும் கத்தியது. அதைக் கேட்டு நிலவறையில் இருந்ததும் கத்தியது.

இராஜரட்ணம் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார். நிற்கவில்லை. முன்கதவைத் திறந்தார். பின்கதவைத் திறந்தார். யன்னல்களைத் திறந்தார். ஒக்ரோபர் மாதத்துக் காற்று இதற்காகவே வெளியில் காத்து நின்றதுபோல் உள்ளே வந்தது. தனியாக வரவில்லை. பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் அந்தக் கிழமை முழுக்க உதிர்த்துப் போட்டிருந்த இலைகளையும் கூட்டிக்கொண்டு வந்தது.

கருவி ஓய்ந்தது. வீடு அமைதியானது. புத்தம்புதுச் சோபாவில், பலகாரத்துக்கென்று எடுத்துவைத்த வெறுந்தட்டில், நிறைகுடத்தின் வாயில், எங்கே பார்த்தாலும் உண்மையான சருகு.

இராஜரட்ணம் சோபாவின் கைப்பிடியில் அப்படியே குந்திவிட்டார். அழுகை வரும்போல இருந்தது. கடதாசிச் சருகுக்குப் பயந்து வீட்டைச் சருகுக் காடாக்கியாயிற்று. ‘என்ர பிள்ளை, இந்தமுறையும் உன்னைக் கெடுத்துப்போட்டன்’ என்று வாய்விட்டே சொன்னார்.

பிறகு எழும்பினார். தும்புத்தடியை எடுத்தார். இலை போடுகிற பெரிய மண்ணிறக் கடதாசிப் பை ஒன்றை விரித்து, கூட்டத் தொடங்கினார். மேப்பிள் சருகு, அறுந்த தோரணம், கடதாசி மரம், சுருண்ட பச்சை, கராஜில் வைத்த வளையம் எல்லாம் ஒன்றாகப் பைக்குள் போயின. வளையம் பைக்குள் கொள்ளவில்லை. காலால் மிதித்து அமத்தினார். பையை இழுத்துக்கொண்டு போய்க் கராஜுக்குள் தள்ளிவிட்டு வந்தார். வாசலில் கிடந்த கடைசிச் சருகைத் தள்ளுகிற நேரம் ஒரு கார் வந்து நின்று இருவரை இறக்கிவிட்டுப் போனது.

பச்சை வேட்டியும் கையில் தும்புத்தடியுமாக இராஜரட்ணம் வாசலில் நின்றார். நல்ல காரியத்துக்கு வருகிறவர்களுக்கு எதிரில் தும்புத்தடி. இதைவிட விறகுக் கட்டோடு நின்றிருக்கலாம். தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தலைக்கு மேலால் அது எட்டிப் பார்த்தது.

“வணக்கம் அண்ணை” என்றார் யோகராணி. பட்டுச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, வலது கைப் பெருவிரலில் ஒரு பிளாஸ்ரர். “ஃபோர்-ஓ-வண் ஹைவே இண்டைக்கு வெறுமையாக் கிடந்தது, பறந்து வந்திட்டம். நிதுசன் உங்கட ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரப் போட்டான்.”

அருகில் அவருடைய கணவர் பழத்தட்டோடு நின்றார். தலையை மட்டும் ஆட்டினார்.

ராகுகாலம் முடிய இன்னும் நேரம் கிடந்தது. அது கழிந்து வருவதாகத்தான் பத்மநாதன் ஒழுங்கு. இதற்கும் என் தலைதான் உருளப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, “வாங்கோ, வாங்கோ, வலக்காலை வைச்சு வாங்கோ” என்றார் இராஜரட்ணம்.

யோகராணி எந்தக் காலை வைத்தார் என்பதை அவர் கவனிக்கவில்லை. யோகராணி கவனித்தது சுவரை. உள்ளே வந்ததும் வராததுமாக நான்கு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். நீலப் பொட்டுகளைப் பார்த்தார். பச்சைக் கையைப் பார்த்தார். திரும்பி வாசற்கதவைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

“கொஞ்சம் பெயின்ற் வேலை நடக்குது” என்றார் இராஜரட்ணம். “இருங்கோ. தேத்தண்ணி போடட்டோ?”

“பிறகு குடிப்பம் அண்ணை.”

பிறகு. மார்க்கம்காரரும் இதைத்தான் சொன்னார்கள்.

“சுவரில ஒண்டும் போடேல்லையோ?” என்று யோகராணி கேட்டார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

சரி, பத்மநாதன் அங்கேயும் கொளுத்திவிட்டான். இவ சோதிக்கிறா. இந்த இடத்தில் தடுமாறக்கூடாது என்று இராஜரட்ணம் நிமிர்ந்து இருந்தார்.

“போட்டுத்தான் கிடந்தது. ஒளிப்பானேன். மயூரியில பிழையில்லை, பிள்ளை பாவம். அவளிட்ட ஆரோ ஒரு வேலைவெட்டி இல்லாத ஆள் கடதாசியில சருகு சருகா வெட்டிக் குடுத்திருக்கு. வாசலில வளையம் வேற, செத்தவீடு மாதிரி. மங்கள காரியத்தில சருகோ? அறிவுள்ள ஆக்கள் செய்யிற வேலையோ உது?”

யோகராணி சோபாவில் இருந்தபடி கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கணவர் பழத்தட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

இராஜரட்ணத்துக்குத் தெம்பு வந்தது. “நான் தரம் பாக்கிற ஆள். கண்ட உடனேயே றிஜெக்ற். எல்லாத்தையும் உரிச்சு எடுத்துக் குப்பைப் பைக்குள்ள போட்டுட்டன்.”

“எல்லாத்தையுமோ?”

“ஒண்டும் மிச்சம் விடேல்லை. அந்த வளையத்தைக் காலால மிதிச்சு அமத்தினனான்.”

யோகராணி எழும்பி வந்தார். போகப் போகிறா என்றே இராஜரட்ணம் நினைத்தார். வாய்க்குள் ‘மயூரி, மயூரி’ என்று மகளின் பெயர்தான் வந்தது. யோகராணி போகவில்லை. குனிந்து அவருடைய தோளின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த எதையோ மெல்ல உரித்து எடுத்தார். பச்சை படாமல் தப்பிய ஒரு செம்மஞ்சள் கடதாசி இலை. மயூரி ஒட்டிய ரேப்பு இன்னும் பின்னால் இருந்தது.

“மன்னிக்கவேணும், ஒண்டு தப்பீட்டுது. தாங்கோ, கிழிச்சு எறியிறன்” என்று இராஜரட்ணம் கை நீட்டினார்.

யோகராணி கொடுக்கவில்லை. திரும்பிப் போய் இருந்து, இலையை மடியில் வைத்து, பிளாஸ்ரர் சுற்றிய பெருவிரலால் அதன் நரம்பை மேலிருந்து கீழாக ஒருமுறை நீவி நிமிர்த்தினார். கண் கலங்கியிருந்தது. பிறகு, என்ன நினைத்தாரோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று இராஜரட்ணத்துக்குப் பிடிபடவில்லை.

வெளியே கார்க் கதவு அடிபடும் சத்தமும், “அப்பா, ஏன் வளையத்தைக் காணேல்லை?” என்ற மயூரியின் குரலும் கேட்டன. வந்த நேரத்திலிருந்து வாயே திறக்காத யோகராணியின் கணவர் அப்போதுதான் தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தி, அந்தக் குப்பைப் பை எங்க கிடக்கெண்டு ஒருக்காக் காட்டுங்கோ. நீங்கள் சொன்ன அந்த வேலைவெட்டி இல்லாத ஆள் இவதான்.”